ஒடிந்த பலகையில் ஒரு கோலம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர் அவை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மேசைமேல் கிடக்கும் இந்தப் பொருளை முதலில் பாருங்கள். ஆறடி சர்ஃப் பலகையின் முன்பாதி இது. ஒடிந்த விளிம்பில் கண்ணாடி இழை நார்நாராகத் தொங்குகிறது. உள்ளே மஞ்சளித்துப்போன ஃபோம் தெரிகிறது. மூக்கிலிருந்து ஒடிந்த இடம் வரைக்கும் நட்டநடுவில் மெல்லிய மரக்கோடு ஒன்று ஓடுகிறதல்லவா, அதற்கு ஸ்ட்ரிங்கர் என்று பெயர். பலகைக்கு முதுகெலும்பு அதுதான். நான் சொல்லப்போவதில் பாதி அந்தக் கோட்டைப் பற்றியது.

நார்த் பீச், நியூ பியர் கடற்கரைகளில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்குப் பலகை ஒடிவது புதிதல்ல. ஒடிந்ததைக் குப்பையில் போடாமல் அதன்மேலேயே கடலை வரைகிறார்களே, அந்தக் கலையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. காகிதத்தில் வரைவது போல இதில் வரைய முடியாது. பலகைக்கு வளைவு உண்டு, மெழுகு உண்டு, உள்ளே உப்புத் தண்ணீர் உண்டு. அதை அறியாமல் தூரிகை எடுத்தால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் ஆறே மாதத்தில் உரிந்து விழும்.

முதலில் தண்ணீர். ஒடிந்த இடத்தின் வழியே ஃபோமுக்குள் கடல்நீர் போயிருக்கும். ஒடிந்த பக்கம் கீழே இருக்கும்படி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் சாய்த்து வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆனாலும் பொறுத்திருங்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தால் ஈரம் நின்றதா இல்லையா என்பதை அதுவே காட்டிவிடும். சீக்கிரம் காயட்டும் என்று நம் டிசம்பர் கோடை வெயிலில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து, கண்ணாடி இழையை ஃபோமிலிருந்து பிரித்துக் கொப்புளமாக எழுப்பிவிடும். அந்தக் கொப்புளத்தின்மேல் எதை வரைந்தாலும் நிற்காது.

அடுத்தது மெழுகு. கால் வழுக்காமல் இருக்கத் தேய்த்த மெழுகு மேல்பக்கம் முழுக்க அப்பியிருக்கும். ஐந்து நிமிடம் இளவெயிலில் காட்டினால் இளகும். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். பிறகு துணியில் டர்பன்டைன் தொட்டு இரண்டு முறை துடையுங்கள். இரண்டாம் முறை துணியை மாற்றுவது முக்கியம். பழைய துணி மெழுகை எடுக்காது, இங்கிருந்து அங்கே பரப்பத்தான் செய்யும். மிச்சமிருக்கும் மெழுகு கண்ணுக்குத் தெரியாது. மேல்பூச்சாக ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றும்போதுதான் தெரியும்: மீன்கண் மாதிரி வட்டவட்டமாகக் குழி விழும், ரெசின் அந்த இடத்தை விட்டு விலகி ஓடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. தண்ணீர் சீராகப் பரவினால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீராக உருண்டால் இன்னொரு முறை துடைக்க வேண்டும்.

துடைத்த பிறகு 220 எண் உப்புத்தாள், அதன்பின் 320. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடக்கூடாது. பளபளப்பு முழுவதும் போய்ப் பலகை மங்கலாகத் தெரிய வேண்டும். பளபளப்பு மிஞ்சிய இடத்தில் வண்ணம் பிடிக்காது.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஒடிந்த விளிம்பில் ஃபோம் மாவு மாதிரி உதிர்ந்தால் அது பாலியூரிதேன். சிறுசிறு மணிகளாகத் தெரிந்தால் தெர்மாகோல் வகை. தெர்மாகோல் என்றால் பாலியெஸ்டர் ரெசினைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குகை போலாக்கிவிடும். ஸ்ப்ரே வண்ணத்திலுள்ள கரைப்பானும் அப்படியே செய்யும். எபாக்ஸி ரெசின் இரண்டு வகையையும் ஒன்றும் செய்யாது. அதனால் வகை புரியாதவர்கள் எபாக்ஸியை எடுத்துக்கொள்வதே நல்லது.

இனி கோலத்துக்கு வருவோம்.

சர்ஃப் பலகையில் தமிழர் வரையக் கோலத்தைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். காரணம் அந்த ஸ்ட்ரிங்கர்தான். பலகை செய்கிறவர் அந்தக் கோட்டை வைத்துத்தான் இடதையும் வலதையும் சமமாகச் சீவுகிறார். கோலம் போடுகிறவரும் மனதுக்குள் ஒரு நடுக்கோட்டை வைத்துத்தானே புள்ளி வைக்கிறார். இங்கே அந்தக் கோடு கண்ணெதிரே கிடக்கிறது.

ஊடுபுள்ளிக் கோலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடிவது. ஏழு புள்ளி வரிசையில் நடுப்புள்ளி ஸ்ட்ரிங்கர்மேல் உட்காரும். அடுத்த ஆறு புள்ளி வரிசை ஸ்ட்ரிங்கருக்கு இரு பக்கமும் மும்மூன்றாகப் பிரியும். ஐந்து மறுபடி கோட்டின்மேல், நான்கு மறுபடி பக்கவாட்டில். புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. வையுங்கள். வரிசைக்கு வரிசை 5 வைக்கக்கூடாது, 4.3 செ.மீ. தான். பக்கத்து மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணமாக நின்றால்தான் சுழி வட்டமாக வரும். 5 வைத்தால் சுழி நெடுக்கில் இழுத்துக்கொண்டு நீள்வட்டமாகிவிடும்.

இந்த அளவு பலகைக்குள் அடங்குமா என்று கேட்பீர்கள். ஏழு புள்ளி வரிசையின் நீளம் 30 செ.மீ., புள்ளிகளைச் சுற்றிவரும் கோட்டுக்கு, அதாவது கம்பிக்கு, இரு பக்கமும் 2.5 சேர்த்தால் 35. மேலும் கீழுமாகப் பதின்மூன்று வரிசை, அதாவது 52 செ.மீ. உயரம். ஏழு புள்ளி வரிசையை மூக்கு நுனியிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்தால், பலகை அங்கே அதற்குப் போதிய அகலத்தில் இருக்கும். கோலம் குறுகக் குறுகப் பலகையும் மூக்கை நோக்கிக் குறுகுகிறது. ஒற்றைப் புள்ளி நுனியைக் காட்டி நிற்கும்.

அளக்க மர ஸ்கேல் உதவாது. பலகையின் மேல்பக்கம் நெடுக்கிலும் வளைவு, குறுக்கிலும் வளைவு. ஸ்கேல் ஆடும், புள்ளி நகரும். தையல்காரர் டேப் பலகையோடு படிந்து வரும், அதால் அளங்கள். புள்ளியைப் பென்சிலால் மெலிதாக வையுங்கள்.

கம்பிக்கு 2.5 மி.மீ. முனையுள்ள அக்ரிலிக் பேனா போதும். சிக்குக் கோலத்தில் கம்பி தன்னையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டு போகும், கெடுவதும் அங்கேதான். முன்பு போட்ட கோடு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது குறுக்கே போனால் முனை அதைச் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். மாக்கோலம் போல ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். வெட்டும் இடம் வந்ததும் கையை எடுத்துப் பத்து நிமிடம் காயவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். காய்ந்தபின் ஒட்டுத் தெரியாது.

கோலத்துக்குப் பின்னால் அலை வேண்டும் என்றால் முதலில் அலையை வரைந்து காயவைத்து, அதன்மேல் புள்ளி வையுங்கள். அலையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

டர்பன் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியன் அலைக்குப் பின்னாலிருந்து வருகிறான். அலை எழும்பி அதன் உதடு, அதாவது கவிழப்போகும் மேல்விளிம்பு, மெலியும்போது வெளிச்சம் தண்ணீரை ஊடுருவி நம் பக்கம் வரும். அதனால் அலையில் மிகவும் பிரகாசமான இடம் முகடுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது: கிளிப்பச்சை. அங்கிருந்து இறங்க இறங்கப் பாசிப்பச்சை, அடியில் கருநீலம். உடைந்து விழும் நுரை வெள்ளையாக இருக்காது, நம் பக்கம் நிழல் என்பதால் நீலம் கலந்த சாம்பலாகத்தான் இருக்கும். தூய வெள்ளையை உதட்டின் விளிம்பில் நாலைந்து பொட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்தபின் எல்லாம் மாறிவிடும்: நுரை வெளுக்கும், உதட்டின் பச்சை அணைந்துபோகும். இரண்டு நேரத்தையும் ஒரே படத்தில் கலந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

நுரைக்கோடுகளிலும் ஒரு தவறு நடக்கிறது. கரையிலிருந்து மட்டும் கடலைப் பார்த்தவர்கள் அலையின் முகத்தில் கோடுகளைக் கிடையாக இழுப்பார்கள். அலைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் முகத்தின் வழியே மேலேறுகிறது. முன்னால் உடைந்த அலை விட்டுச்சென்ற நுரையும் அதோடு மேலே இழுபட்டு, வலை போல நீண்டு கிழியும். கோடு அடியிலிருந்து உதட்டை நோக்கி வளைந்து ஏற வேண்டும்.

நிறத்தை அஞ்சலட்டையில் தேடாதீர்கள். மழைக்குப் பிறகு உம்கேனி ஆறு கொண்டுவரும் கலங்கலில் ப்ளூ லகூன் பக்கம் கடல் தேநீர் நிறத்தில் கிடக்கும். அந்தப் பழுப்பு அலையிலும் காலை வெளிச்சம் ஊடுருவினால் உதடு தேன் நிறத்தில் ஒளிரும். அதையும் வரையுங்கள், அதுவும் நம் கடல்தான்.

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு வந்த ட்ரூரோ கப்பல் இந்தத் துறைமுகத்தில் நின்றது. அதில் வந்தவர்கள் விட்டுவந்த சோழமண்டலக் கரையும் கிழக்கே பார்த்தது. அங்கேயும் காலை அலை இப்படித்தான் ஒளிரும். கட்டுமரத்தில் அலை தாண்டியவர்களின் மொழி நம்முடையது. ஆனால் இந்த ஊரில் பலகை ஓட்ட வாகான கடற்கரைகளில் வெள்ளையர் மட்டுமே இறங்கலாம் என்று அறிவிப்புப் பலகை நட்டு வைத்திருந்தார்கள். 1969-இல் இங்கே பெரிய அலைச்சறுக்குப் போட்டி தொடங்கியபோதும் அதே நிலைதான். 1989 நவம்பரில்தான் நாட்டின் கடற்கரைகள் எல்லாருக்கும் திறக்கும் என்ற அறிவிப்பு வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் அந்த அலையைத் தொலைவில் நின்று பார்த்தவர்கள். ஒடிந்த பலகையில் ஒரு சிறுமி புள்ளி வைக்கும்போது இது என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கடைசியாக மேல்பூச்சு. அரைப் பலகையின் ஒரு பக்கம் ஏறக்குறைய 0.3 சதுர மீட்டர். எபாக்ஸி ரெசின் 140 மில்லியும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 70 மில்லியும் போதும். இது இரண்டுக்கு ஒன்று என்ற வகைக்கான கணக்கு. உங்கள் டப்பாவில் வேறு விகிதம் போட்டிருந்தால் அதுவே சட்டம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவது பாலியெஸ்டரில் பழகியவர்கள் செய்யும் தவறு. எபாக்ஸியில் கூட்டினால் என்றைக்கும் பிசுபிசுப்புதான். கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துவிட்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். கலக்கியதும் பலகைமேல் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். கிண்ணத்திலேயே குவிந்து கிடந்தால் தன் சூட்டில் தானே வெந்து புகையும்.

எந்த நேரத்தில் பூசுவது என்பதில் டர்பனில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் பூசினால் பகல் சூட்டில் ஃபோமின் காற்று விரிந்து, விளிம்பிலும் கீறல்களிலும் குமிழியாகக் கிளம்பும். இரவில் பூசினால் கடற்காற்றின் ஈரம் படிந்து மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டும். வெயில் சாயத் தொடங்கும் மூன்று, நான்கு மணிக்கு, ஜன்னல் சாத்திய அறையில் பூசுவது நல்லது. அடைத்த அறை என்பதால் ஆவி வடிகட்டியுள்ள முகமூடியும் கையுறையும் கட்டாயம். அப்படியும் படலம் கட்டினால் பயம் வேண்டாம். மறுநாள் வெறும் தண்ணீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கழுவினால் போய்விடும். கழுவாமல் இரண்டாம் பூச்சு போட்டால்தான் உரியும்.

கடலில் ஓட்டும் பலகையிலும் வரையலாம், ஆனால் கருப்பும் கருநீலமும் அகலமாகப் பூசாதீர்கள். அடர்நிறம் வெயிலை உறிஞ்சும், முன்பு சொன்ன கொப்புளம் அங்கேயும் எழும். வெள்ளைப் பரப்பில் மெல்லிய கம்பிக் கோலம் எந்தக் கேடும் செய்யாது.

முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் மேடைக்கு வரலாம். பேனாக்களும் டேப்பும் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. ஒடிந்த விளிம்பில் மட்டும் கை வைக்காதீர்கள், இழை குத்தும். ஏழு புள்ளியில் நடுப்புள்ளியை யார் வைக்கிறீர்கள்?