கொடுங்கோலனுக்கு என்ன பேர் வைக்கிறது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கார்: "டிஸ்டோபியா நாவல்கள்ல, அதாவது கொடுமையான ஆட்சி நடக்கிற கற்பனை உலகக் கதைகள்ல, ஆளுறவனுக்கு ஏன் ஒழுங்கா ஒரு பேரே இருக்கிறதில்லை? நானும் ஒன்னு எழுதிட்டிருக்கேன். தலைவனுக்கு என்ன பேர் வைக்கலாம்?" ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே ஓடிட்டிருக்கு இந்தக் கேள்வி.

பேர்னு ஒன்னு இருந்தா அந்த ஆளுக்கு அப்பா அம்மா உண்டு, வயசு உண்டு, சாவும் உண்டு. பட்டத்துக்கு இதெல்லாம் கிடையாது. 1949ல வந்த ஆர்வெல்லோட '1984' நாவல்ல ஆளுறவருக்குப் 'பெரியண்ணன்'கிற பட்டம்தான். ஆட்சியை எதிர்த்துப் பிடிபட்ட வின்ஸ்டன் கேட்கிறான்: நான் இருக்கிற மாதிரி பெரியண்ணனும் இருக்காரா? அவனை விசாரிக்கிற அதிகாரி ஓ'பிரையன் சொல்ற பதில்: நீயே இல்லை. சரி, அவர் சாவாரா? அது எப்படிச் சாவார்ங்கிறான். இந்த ஓ'பிரையனுக்கும் குடும்பப் பேர் மட்டும்தான், சொந்தப் பேர் கடைசி வரைக்கும் வராது. அதையும் கவனிங்க.

நம்ம பழைய பேச்சுகளைக் கேட்டவங்களுக்கு நான் அடிக்கடி சொல்றது ஞாபகம் இருக்கும்: பேரைப் பார்க்காதீங்க, வச்சது யாருன்னு பாருங்க. ஆட்சி தனக்குத்தானே வச்சுக்கிற பேர் எப்பவும் நல்ல பேர். ஜம்யாத்தின் 1920-21ல எழுதின 'நாங்கள்' நாவல்ல ஆளுறவர் 'உபகாரி'. வேவு பார்க்கிறவங்க 'காவலர்கள்'. ஜனங்களுக்கு? டி-503, ஓ-90. ஆம்பளைக்கு மெய்யெழுத்தும் ஒற்றை எண்ணும், பொம்பளைக்கு உயிரெழுத்தும் இரட்டை எண்ணும். மேல இருக்கிறவருக்கு அன்பான பட்டம், கீழ இருக்கிறவங்களுக்குக் கணக்கு.

அதனாலதான் 'இருளரசன்', 'சர்வநாச மன்றம்' மாதிரிப் பேர் வச்சா கதை அங்கேயே படுத்துரும். எந்த அரசாங்கம் தன் வாசல் பலகையில அப்படி எழுதிக்கும்? சித்திரவதை பண்ற இடத்துக்கு ஆர்வெல் வச்ச பேர் அன்பு அமைச்சகம். அதுலயும் நிக்கலை, 'மினிஸ்ட்ரி ஆஃப் லவ்'ங்கிற அந்த ஆங்கிலப் பேரைச் சுருக்கினார், 'மினிலவ்'னு. சுருக்கினா என்ன ஆகும்னு நாவலோட பின்னிணைப்புலயே இருக்கு: உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளோட கூட்டமைப்பை 'கம்யூனிஸ்ட் இன்டர்நேஷனல்'னு முழுசாச் சொன்னா செங்கொடி, மார்க்ஸ், பாரிஸ் கம்யூன் எல்லாம் மனசுல வரும், அதையே சுருக்கி 'கொமின்டர்ன்'னா யோசிக்காமலே வாயில வந்துரும். நீங்களும் இப்படிச் செஞ்சு பாருங்க. அந்தத் துறை உண்மையில செய்யற வேலையை ஒரு வரியில எழுதுங்க. அதுக்குக் கீழே, அங்க சம்பளம் வாங்கற குமாஸ்தா அதை எப்படிச் சொல்லுவான்னு எழுதுங்க. அதை அவன் ஒரு நாளைக்கு அம்பது தடவை சொல்லணும். எந்த அசை தேய்ஞ்சு விழும்? மிச்சம் நிக்கிறதுதான் பேர்.

பேரோட வர்ற அதிகாரியும் இருக்கார், இல்லைங்கலை. 1932ல வந்த ஹக்ஸ்லியோட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவல்ல ஆட்சியாளர்கள்ல ஒருத்தரான முஸ்தபா மோண்ட். அவர் தடை பண்ணின புத்தகங்களைப் படிச்சவர், உட்கார்ந்து வாதாடுறவர். வாதம் பண்ண ஒரு ஆள் வேணும், ஆளுக்குப் பேர் வேணும். உங்க தலைவன் வாதாடப் போறான்னா தாராளமா வைங்க.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற: கீழ இருக்கிறவளோட பேர் யார் கையில? 1985ல வந்த அட்வுட்டோட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவல்ல கதை சொல்றவளை 'ஆஃப்ரெட்'னு கூப்பிடுவாங்க, 'ஆஃப் ஃபிரெட்', அவளை வச்சிருக்கிற எஜமானன் ஃபிரெட்டுக்கு உரியவள்னு அர்த்தம். சொந்தப் பேரை நாவல் நேரடியாச் சொல்றதே இல்லை. ஒருநாள் அவளோட கூட நடந்து வர்ற 'ஆஃப்க்ளென்' இருக்க வேண்டிய இடத்துல வேற ஒரு பொண்ணு நிக்கிறா. ஆஃப்க்ளென் எங்கேன்னு கேட்டா, 'நான்தான் ஆஃப்க்ளென்'ங்கிறா. அவ்வளவுதான். ஒரு மனுஷி காணாமப் போனதுக்கு அந்த ஊர்ல இருக்கிற ஒரே பதிவு அது. இந்த இடத்துல தலைவர் யாருமே வரலை, பாருங்க.

தமிழ்ல எழுதும்போது இன்னொரு சிக்கல். ஆங்கிலத்துல பெரிய எழுத்து போட்டே ஒரு சாதாரணச் சொல்லைப் பட்டமா ஆக்கிருவாங்க. நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. ஆனா அவங்ககிட்ட இல்லாதது ஒன்னு நம்மகிட்ட இருக்கு, மரியாதையைக் காட்டுற வினைமுற்று. 'பெரியண்ணன் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்'. இதுல வேவும் இருக்கு, பராமரிப்பும் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு 'கொள்' தான். அந்தக் கடைசி 'ஆர்' யார் போட்டது? கதை சொல்றவன் போட்டது. அவன் பயம் அங்க இருக்கு. பலபேர் இதைக் கவனிக்காம ஒரு பக்கத்துல 'வந்தான்', அடுத்த பக்கத்துல 'வந்தார்'னு கலந்து எழுதிடறாங்க. படிக்கிறவனுக்கு அது பிழையாத்தான் தெரியும், கலகமாத் தெரியாது. முழுக்க 'ஆர்' போட்டு வந்து, ஒரே ஒரு இடத்துல 'ஆன்' விழணும். அது எந்தப் பக்கம்னு முதல்ல முடிவு பண்ணுங்க, தலைவனுக்குப் பேர் அப்புறம் தேடலாம்.