இருந்த ஸ்டாரை நடுராத்திரில தூக்கி குடுத்தாங்க, 1.8% குலுக்கல்ல புது ஸ்டார் விழுந்துச்சு! இது எப்படிடா?

(பாண்டி பீச் ரோடு, சாயங்காலம், காந்தி சிலை பின்னாடி தெரியுது)

வணக்கம் மக்களே! 2025 பிப்ரவரி ஒண்ணாந்தேதி ராத்திரி அமெரிக்கால ஒரு நியூஸ் வருது, டல்லாஸ் மாவெரிக்ஸ்னு ஒரு பாஸ்கெட்பால் டீம் அவங்களோட ஸ்டார் லூக்கா டான்சிச்ச லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு குடுத்துட்டாங்கன்னு. 25 வயசு பையன், எட்டு மாசம் முன்னாடிதான் அந்த டீம ஃபைனல்ஸ் வரைக்கும் இழுத்துட்டு போனவன். நியூஸ் போட்ட ரிப்போர்ட்டர் அக்கவுண்ட்ட யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னுதான் பாதி பேரு நெனச்சாங்க. இல்ல, நெஜம்தான். ரசிகருங்க ஸ்டேடியம் வாசல்ல சவப்பெட்டி கொண்டாந்து வச்சு ஒப்பாரி வைக்காத குறை.

மூணு மாசம் கழிச்சு, மே மாசம், அதே டீமுக்கு, புதுப் பசங்கள யார் முதல்ல எடுக்குறதுன்னு போடுற குலுக்கல்ல முதல் சீட்டு விழுது. அதுக்கு இருந்த சான்ஸ் ஆயிரத்துல 18. கூப்பர் ஃப்ளாக்னு 18 வயசு பையன், அந்த வருஷத்துலயே பெரிய கிராக்கி, கைல வந்து விழுந்துட்டான். தொலைச்சவனும் அவனே, கண்டெடுத்தவனும் அவனே. அந்த டிரேட் பண்ண மேனேஜர் நிக்கோ ஹாரிசனுக்கு மட்டும் அதுல புண்ணியம் சேரல, நவம்பர்ல வேலைய விட்டு தூக்கிட்டாங்க.

சரி, ஒரு டீமுக்கு கொறையிற அந்த ஒரே ஒரு ஸ்டார எப்படி தேடுறாங்கன்னுதான் இன்னிக்கு வீடியோ. போரடிக்கிற பகுதிய ஒரே மூச்சுல சொல்லிடுறேன், தம்பி கேமராவ ஆட்டாத: என்பிஏன்னா அமெரிக்க பாஸ்கெட்பால் லீக், அதுல 30 டீம், ஆளுக்கு 82 மேட்ச், சம்பளத்துக்கு ஒரு வரம்பு இருக்கு அதனால பணக்கார டீம் எல்லாரையும் வாங்கி போட்டுக்க முடியாது, வருஷா வருஷம் புதுப் பசங்கள எடுக்குறதுக்கு ட்ராஃப்ட், அதுல தோத்த டீமுக்குத்தான் முன்னுரிமை. முடிஞ்சுது.

ஏன் ஒருத்தனுக்காக இவ்ளோ அலையுறாங்க? கிரிக்கெட்ல எவ்ளோ பெரிய பேட்ஸ்மேனா இருந்தாலும் ஒரு பால்ல போல்டு ஆனா அன்னிக்கு கதை காலி, மீதி பத்து பேரு பாத்துக்கணும். பாஸ்கெட்பால்ல கோர்ட்ல நிக்கிறதே அஞ்சு பேரு, 48 நிமிஷத்துல நல்ல ஸ்டார் 35 நிமிஷத்துக்கு மேல ஆடுவான், பால் திரும்ப திரும்ப அவன் கைக்கே வரும். ஒருத்தன் மாறுனா டீமே மாறிடும்.

அந்த ட்ராஃப்ட்ல எந்த டீம் முதல்ல எடுக்கும்னு முடிவு பண்ற குலுக்கலுக்கு இப்ப வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச ஏரியா இது.

கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்கம்மா தெருவுல குலுக்கல் சீட்டு நடத்துறாங்க. 20 பேரு, மாசம் ஆயிரம், பேர எழுதி சுருட்டி எவர்சில்வர் டப்பால போட்டு, தெருவுல இருக்குறதுலயே சின்ன புள்ளய கூப்ட்டு கண்ண மூடி எடுக்க சொல்வாங்க. என்பிஏ லாட்டரியும் அச்சு அசல் இதேதான், டப்பா மட்டும் காஸ்ட்லி. 1லருந்து 14 வரைக்கும் நம்பர் போட்ட பிங்பாங் பால், மெஷின்ல காத்து அடிச்சு சுத்த விடுறாங்க, நாலு பால் எடுக்குறாங்க. 14ல நாலு எடுத்தா மொத்தம் 1001 விதமா வரும், கால்குலேட்டர்ல போட்டு பாருங்க. ஒண்ண ஒதுக்கிட்டு மீதி ஆயிரத்த ப்ளேஆஃப் போகாத 14 டீமுக்கு பிரிச்சு குடுத்துடுவாங்க. ரொம்ப மட்டமா ஆடுன மூணு டீமுக்கு ஆளுக்கு 140. டல்லாஸுக்கு வெறும் 18. அந்த சின்ன புள்ள வேலைக்கும் ஒருத்தர் இருக்காரு, மெஷினுக்கு முதுக காட்டி நின்னு டைம் பாத்து கைய தூக்குவாரு, அப்ப பால் எடுப்பாங்க. இது நடக்குறது ஒரு பூட்டுன ரூம்ல, உள்ள போறவங்க ஃபோன புடுங்கி வச்சுடுவாங்க, டிவில ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் வெளிய வர முடியாது. எங்க தெருல அத்தன பேரும் டப்பாவ சுத்தி குந்திகினு எட்டி பாப்பாங்க, எனக்கென்னமோ அதுதான் நேர்மையா தெரியுது.

ஆனா குலுக்கல்னு ஒண்ணு இருந்தா சந்தேகம்னு ஒண்ணு இருக்கும். எங்க பக்கத்து வீட்டு அத்தை ஒண்ணரை வருஷமா சொல்லிட்டு இருக்காங்க, "என் சீட்ட மட்டும் உங்கம்மா டைட்டா சுருட்டி அடில போடுறா"ன்னு. என்பிஏல இதோட பெரியப்பா கதை ஒண்ணு இருக்கு. 1985ல முதல் லாட்டரி, அப்ப பால் கெடையாது, ஏழு டீம் பேரு போட்ட கவர ஒரு கண்ணாடி உருண்டைல போட்டு, லீக் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கைய விட்டு எடுத்தாரு. வந்தது நியூயார்க் நிக்ஸ், கெடச்சது பேட்ரிக் யூயிங். பெரிய ஊரு, பெரிய டீம், அப்ப சும்மா இருப்பாங்களா? நிக்ஸ் கவர மட்டும் ஃப்ரீசர்ல வச்சு சில்லுன்னு எடுத்தாந்தாங்க, ஸ்டெர்ன் தொட்டு பாத்து எடுத்துட்டாருன்னு 40 வருஷமா ஓடுது கதை. யாரும் நிரூபிச்சதில்ல. எனக்கு என்ன தோணுதுன்னா, கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) துறைமுகத்துல ஐஸ் பெட்டில கைய விட்டு மீன் பொறுக்குற ஆளுக்கு வேணா இந்த டெக்னிக் சரி வரும், டிவி லைட்டு அடிக்கிற சூட்டுல கவர் எங்க சில்லுன்னு நிக்கும்? அப்படி செட்டிங்னே வச்சுக்குவோம், யூயிங் இருந்தும் நிக்ஸ் ஒரு கப்பு கூட அடிக்கலயே!

இன்னொரு வித்தியாசம் இருக்கு. நம்ம சீட்டுல ஒரு தடவ எடுத்தவங்க பேர மறுபடி போட மாட்டாங்க. அங்க அந்த நியாயமே இல்ல. கிளீவ்லேண்டுக்கு 2003ல விழுந்தது லெப்ரான் ஜேம்ஸ் (நம்ம தமிழ்நாட்ல லாட்டரிய தடை பண்ணதும் அதே 2003, நோட் பண்ணுங்கப்பா), அவர் விட்டுட்டு போனதும் 2011, 2013, 2014னு நாலு வருஷத்துல மூணு தடவ திரும்ப முதல் சீட்டு! அதுல 2013ல யார எடுத்தாங்க தெரியுமா? ஆண்டனி பென்னட். யாருன்னு கேக்குறீங்கல்ல, அதான் மேட்டரே. நாலு சீசன்ல காணாம போயிட்டாரு.

அதே 2013ல 15வது ஆளா போனவன் யானிஸ் ஆன்டெடோகும்போ. ஏதென்ஸ் தெருவுல வாட்ச்சும் கூலிங் கிளாஸும் வித்த பையன். தம்பி, அந்த பக்கம் கேமராவ திருப்பு, பீச் ரோட்ல கண்ணாடி வித்துகிட்டு ஒருத்தன் நிக்கிறான் பாரு, அப்படி ஒரு பையன். 2021ல மில்வாக்கிக்கு கப்பு வாங்கி குடுத்தான், கடைசி மேட்ச்ல மட்டும் 50 பாயிண்ட்.

அத விட கேவலம் 2014. செர்பியால சோம்போர்னு ஊரு, நிக்கோலா யோகிச்னு ஒரு குண்டுப் பையன், ஓட மாட்டான், தாவ மாட்டான், குதிர மேலதான் பைத்தியம். 41வது ஆளா டென்வர் எடுத்தப்ப டிவில டாக்கோ பெல் விளம்பரம் ஓடிட்டு இருந்துச்சு, அவன் பேரு கீழ ஒரு ஓரமா வந்துட்டு போச்சு. 40 தடவ வேண்டாம்னு விட்ட பையன் மூணு தடவ எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரன், 2023ல கப்பு. துறைமுகத்துல ஏலம் எடுக்குற அம்மாங்கள பாத்திருக்கீங்களா, மீனு பளபளன்னு இருக்குதேன்னு வாங்க மாட்டாங்க, செவுள தூக்கி பாப்பாங்க. இவனுங்க உயரம், கை நீளம், எவ்ளோ தாவுறான்னு எல்லாத்தையும் அளந்தானுங்க, செவுள பாக்கல. அவன் பாஸ் குடுக்குற கண்ணு எந்த டேப்புக்கும் அகப்படல.

வேணும்னே தோக்குறவங்களும் இருக்காங்க. ஃபிலடெல்ஃபியா 2015-16ல 82 மேட்ச்ல 10தான் ஜெயிச்சுது, முதல் சீட்டும் கெடச்சுது, இன்னிக்கு வரைக்கும் கப்ப காணோம். விடுங்க.

பாண்டிக்காரங்க கோச்சுக்காதீங்க, உங்க ஆளையும் சொல்லிடுறேன். 2023ல சான் அன்டோனியோவுக்கு விழுந்த விக்டர் வெம்பன்யாமா பிரான்ஸ்காரன், ஏழடி நாலங்குலம். இங்க சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க வீட்டு தாத்தாங்க கிட்ட இருக்குற அதே பாஸ்போர்ட்டுதான், வாசப்படில மட்டும் குனிஞ்சு வரணும்.

நம்ம நாட்டுக்கும் ஒரு சீட்டு விழுந்திருக்கு. 2015ல பஞ்சாப் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், ஏழடி ரெண்டங்குலம், 52வது ஆளா எடுத்தாங்க. எடுத்த டீம் எது தெரியுமா? இதே டல்லாஸ்! ஒரு என்பிஏ மேட்ச் கூட ஆட வாய்ப்பு வரல, அப்புறம் மல்யுத்த ஷோ பக்கம் போயிட்டாரு.

உங்க ஊர் கிரவுண்ட்ல யாருமே கண்டுக்காத ஒரு யோகிச் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, குண்டா இருந்தாலும் பரவால்ல, நான் பஸ் புடிச்சு வந்து வீடியோ எடுக்குறேன். லைக் போட்டுட்டு போங்க மக்களே.

(ஃபோன் அடிக்குது)

இரு தம்பி, கட் பண்ணாத, அம்மா. ம்... சொல்லும்மா... குலுக்கிட்டீங்களா? யாருக்கு?... அத்தைக்கா!