பதம் பார்த்த ஐந்து நாள்

நேயர்களுக்கு வணக்கம். நான் 31 வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன். ஓவிய வாத்தியார் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு குடிசை. அதை வரைந்து முடிப்பதற்குள் கணக்கு சார் உள்ளே வந்து, "இந்த பீரியட் எனக்குக் குடுங்க சார்" என்று பலகையை அழித்துவிடுவார். வாங்கின கடனை அவர் திருப்பித் தந்ததே இல்லை. சரி, அது பழைய கணக்கு, விடுவோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், பனைமரங்களுக்கு நடுவே இருக்கிற நடுநிலைப் பள்ளி. திருக்கார்த்திகைக்கு முந்தின வாரம் ஐந்து நாளும் புத்தகப் பை கிடையாது. காலையில் கைவேலை, மதியத்துக்கு மேல் சமையல். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பையன்களும் உலை வைக்க வேண்டும், அதில் விலக்கு இல்லை.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1937-இல் காந்தி வார்தாவில் கூட்டிய மாநாட்டில் பேசினதே இதுதான், கைத்தொழில் வழியாகப் படிப்பு. ஆதாரக் கல்வி என்று நம் ஊர்ப் பக்கமும் வந்தது. கேட்டுக்கொண்டிருக்கிற பெரியவர்களில் சிலர் பள்ளியில் தக்ளி, அதாவது பஞ்சை நூலாக்குகிற சின்னக் கதிர், சுற்றியிருப்பீர்கள். கொஞ்சம் வேகமாக இழுத்தால் நூல் அறுந்துபோகும். பயந்து மெதுவாக இழுத்தால் கயிறு மாதிரி தடித்துவிடும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாது. உங்கள் விரலுக்குத்தான் தெரிந்தது.

அதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பதம். சோற்றுக்குப் பதம், மண்ணுக்குப் பதம், பாகுக்குப் பதம். இந்த ஐந்து நாளும் நான் சொல்லிக்கொடுக்க நினைத்தது இந்த ஒன்றைத்தான். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கெடுத்துக் கெடுத்துத்தான் பிடிபடும் என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை களிமண். குளத்தில் எடுத்த மண்ணை முந்தின நாளே பிசைந்து ஈரச் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம். எல்லோரும் யானை செய்தார்கள். எல்லா யானைக்கும் தும்பிக்கை விழுந்தது! ஒட்டுகிற இரண்டு இடத்தையும் ஈர்க்குச்சியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவினால்தான் பிடிக்கும். விழுந்த பிறகு சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தால் ஒருவனும் காதில் வாங்கியிருக்க மாட்டான். ஒரு பெண் கேட்டாள், "ஐயனார் கோயில் குதிரை அவ்வளவு பெரிசா இருக்கே, அது எப்படி சார் விழலை?" நல்ல கேள்வி. அது உள்ளே கூடு. கெட்டியாகச் செய்தால் உள்ளே ஈரம் தங்கும், சூளையில் வைத்ததும் ஆவி முட்டி வெடித்துவிடும்.

இப்போது கொழுக்கட்டைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. பனங்குருத்தோலையைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, பச்சரிசி மாவில் கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப்பூ, ஏலம், சுக்கு போட்டுப் பிசைந்து, ஓலைக்குள் வைத்து மூடி, ஓலை நாராலேயே கட்டி அவிக்க வேண்டும். ஓலையின் வாசம் மாவில் இறங்கும் பாருங்கள், அதை வானொலியில் அனுப்ப வழியில்லை.

ஏழாம் வகுப்புப் பையன்கள் நால்வர் ஒரு குழு. கருப்பட்டியைக் கரைத்தார்கள், மண் போக வடிகட்டினார்கள், எல்லாம் சரி. பாகு கையைச் சுடும் என்று பயந்து நன்றாக ஆறவைத்துவிட்டார்கள். மாவில் ஊற்றிப் பிசைந்தால், உருட்ட உருட்ட விண்டு விழுகிறது. "சார், சேர மாட்டேங்குது" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள், கூழாகிவிட்டது. மாவு போட்டார்கள், மறுபடி விண்டது. இப்படியே ஒரு கிலோ மாவு இரண்டு கிலோ ஆனதுதான் மிச்சம்.

சத்துணவு சமைக்கிற ஆயாம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். "ஆறின பாகுல அரிசி மாவு எப்படிப்பா சேரும்? இது என்ன சப்பாத்தியா? கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அகப்பைக் காம்பால கிண்டி மூடி வை. சூடு பொறுக்கிற அளவுக்கு வந்ததும் கை போடு."

அவர் சொன்னதில் பெரிய விஞ்ஞானமே இருக்கிறது. கோதுமை மாவில் இழுத்துப் பிடிக்கிற ஒரு புரதம் உண்டு, பச்சைத் தண்ணீரே போதும். அரிசியில் அது கிடையாது. கொதிக்கிற தண்ணீர் பட்டு, மாவுச்சத்து பாதி வெந்து, அதுவே பசையாக வேண்டும். இடியாப்பத்துக்கு ஏன் வெந்நீர் என்றால் இதுதான். வீட்டில் தினம் நடக்கிற காரியம், நானே ஓய்வு பெற்ற வயதில்தான் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது ஈடு மாவு சேர்ந்தது. கெட்டுப்போன மாவை ஆயாம்மா தோசைக்கல்லில் ஊற்றி அடையாக்கிவிட்டார். உண்மையைச் சொன்னால், பையன்கள் முதலில் காலி செய்தது அந்த அடையைத்தான்.

மறுநாள் கடலை மிட்டாய். கோவில்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் விடலாமா? 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய். கொதிக்கிற வெல்லப்பாகு என்பதால் அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். பதம் பார்க்கிற வேலை பிள்ளைகளுக்கு. ஒரு சொட்டு பாகைத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் டங் என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வருகிறதா என்று முப்பது பேர் மூச்சு விடாமல் நின்றதை நான் எந்தத் தேர்வு அறையிலும் பார்த்ததில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தானாம். சாயம் பற்றித்தான் விரிவாகப் பேச எழுதி வந்தேன், போகட்டும். வெள்ளிக்கிழமை வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கி, அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைக் குச்சியால் தொட்டுக் கோலம் போட்டோம். தொட்ட இடமெல்லாம் சிவப்பு. ஆரத்தித் தட்டில் நீங்கள் பார்க்கிற அதே சிவப்புதான். சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்காதீர்கள், கேட்டாலும் சொல்ல நேரமில்லை. பழைய துணியில் போட்டுப் பாருங்கள். வணக்கம்.