ஹுவேயில் ஒரு நாள்: அரசர் தன் குறைகளைக் கல்லில் எழுதிய ஊர்

[காட்சி: கல்வெட்டு மண்டபம். ஆளுயரத்தையும் தாண்டி நிற்கும் கல். கேமரா மெதுவாக எழுத்துகளின் மேல் நகர்கிறது.]

வணக்கம். இப்போது நீங்கள் பார்க்கும் இந்தக் கல்லின் எடை 20 டன்னுக்கு மேல். இதில் 4,935 சீன எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எழுதியவர் வியட்நாமை ஆண்ட பேரரசர் து டுக். தன் ஆட்சியில் எதெல்லாம் கைநழுவிப் போனது, தான் எங்கெல்லாம் தவறினார் என்பதை அவரே இதில் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கல்லுக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்கும்படியாக உங்கள் ஹுவே பயணத்தைத் திட்டமிட வேண்டும். அதற்காகத்தான் இந்த வீடியோ.

[காட்சி: வரைபடம். டா நாங்கிலிருந்து ஹுவேக்கு ஒரு கோடு.]

ஹுவே நடு வியட்நாமில் இருக்கிறது. டா நாங்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் ஹாய் வான் மலையை ஒட்டி, கடலைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருவது நல்லது. அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும், ஆறு ஊருக்குள்ளேயே வந்துவிடும்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். இங்கே பெயர்ப்பலகையைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது கொஞ்சம்தான். யாராவது கை நீட்டிக் காட்டினால்தான் மற்றதெல்லாம் கண்ணில் படும். எங்களுடன் வந்தவர் ஹுவேயிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மா. கோட்டைக்குள் நுழைவதற்கு முன் எங்களை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டார்.

[காட்சி: காலை 7.30. நறுமண ஆறு. எதிரே ஒரு குன்று.]

இதுதான் ஹுவோங் ஆறு. ஹுவோங் என்றால் நறுமணம். தெற்கே தட்டையான தலையோடு நிற்பது ‘ங்கு பின்’ என்ற குன்று. அரண்மனைக்கு முன்னால் ஒரு திரை வேண்டும் என்பதற்காக அந்தக் குன்றைப் பார்த்த மாதிரி கோட்டையை அமைத்தார்கள். ஆற்றில் இரண்டு தீவுத் திட்டுகள் இருக்கின்றன. கிழக்கே கோன் ஹென், மேற்கே டா வியென். கோட்டைக்கு இடப்பக்கம் நீல நாகம், வலப்பக்கம் வெள்ளைப் புலி என்று இவை இரண்டையும் காவலாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். இந்த இரண்டு திட்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே மறுபடியும் வரும்.

நுயென் வம்சத்தின் முதல் பேரரசர் ஜியா லோங் 1802இல் நாட்டை ஒன்றாக்கி ஹுவேயைத் தலைநகராக்கினார். 1805இல் தொடங்கிய கோட்டை வேலை அவர் மகன் மின் மாங் காலத்தில், 1832இல்தான் முடிந்தது. வெளிமதிலின் சுற்றளவு மட்டும் சுமார் 10 கிலோமீட்டர். மதிலின் வடிவம் பிரெஞ்சுக் கோட்டைகளைப் பார்த்துப் போட்டது, உள்ளே இருக்கும் ஒழுங்கு சீன முறை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மதில்கள். நடுவில் அரசக் குடும்பம் மட்டும் வாழ்ந்த ஊதா நகரம்.

[காட்சி: ங்கோ மோன் வாசல், ஐந்து வழிகள்.]

இது ங்கோ மோன், தெற்கு வாசல். நடு வழி பேரரசருக்கு மட்டும். அதற்கு இரு பக்கமும் அதிகாரிகள் போனார்கள், ஓரத்து வழிகளில் வீரர்களும் யானைகளும். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசிப் பேரரசர் பாவோ டாய் இந்த மாடத்தில் நின்று முத்திரையையும் வாளையும் ஒப்படைத்தார். 143 வருட அரசாட்சி இங்கேதான் முடிந்தது.

உள்ளே போனதும் தாய் ஹோவா மண்டபம். சிவப்பும் பொன்னுமாக 80 தூண்கள். நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024 நவம்பரில் திறந்தார்கள். எல்லோரும் சிம்மாசனத்தைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் முற்றத்தைக் கவனியுங்கள். சின்னச் சின்னக் கல் பலகைகள் நடப்பட்டிருக்கும். எந்தத் தர அதிகாரி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கிறது.

[காட்சி: மண்டபத்தின் பின்பக்கம். புல்வெளி. அடித்தளக் கற்கள்.]

மண்டபத்தைத் தாண்டினால் புல்வெளி. பலர் இங்கே கொஞ்சம் ஏமாந்து போகிறார்கள். ஊதா நகரத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருந்தது. 1947இல் பிரெஞ்சுப் படையுடன் நடந்த போரில் எரிந்தது. மிச்சமிருந்ததில் நிறைய வியட்நாம் போரின்போது, 1968 டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) தாக்குதலில் போனது. அப்போது இந்த மதில்களுக்குள் தெருத்தெருவாக ஏறக்குறைய ஒரு மாதம் சண்டை நடந்தது. வடக்குக் கோடியில் மினுமினுப்பாகத் தெரிவது கியென் சுங் மாளிகை, மறுபடியும் கட்டி 2024இல் திறந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அதற்கு முன்னால் கிடக்கும் வெறும் புல்தான் மனதில் நிற்கிறது. அங்கே பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

[காட்சி: ஒன்பது வெண்கலக் குடங்கள். நெருக்கமாக ஒரு பலாப்பழச் செதுக்கல்.]

அப்புறம், மேற்குப் பக்கம் மூதாதையர் கோயில் முற்றத்தில் ஒன்பது பெரிய வெண்கலக் குடங்கள். மின் மாங் 1835 முதல் 1837 வரை வார்க்கச் சொன்னவை. இவற்றைச் சும்மா பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு குடத்திலும் 17 படங்கள். நடுவில் சற்று முன்னால் நிற்பது ஜியா லோங்கின் குடம். அதைச் சுற்றி வந்தால் சூரியன், கிழக்குக் கடல், புலி, ஆமை, நெல், பலா, அகில் மரம், பாய்க்கப்பல், பீரங்கி என ஒவ்வொன்றாக வரும். அடுத்தடுத்த குடங்களில் ஆறுகளும் மலைகளும். காலையில் பார்த்த நறுமண ஆறும் ‘ங்கு பின்’ குன்றும் மின் மாங்கின் குடத்தில் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள், குழந்தைகள் கூட வந்தால் இதில் ஒரு மணி நேரம் போய்விடும்.

[காட்சி: மதியம் 12. சின்னக் கடை, தாழ்வான நாற்காலிகள்.]

சரி, சாப்பாடு. காலையில் சொன்ன நீல நாகம், அதாவது கோன் ஹென். ஹென் என்றால் ஆற்று மட்டி. அந்தத் திட்டைச் சுற்றி அள்ளும் நகத்தளவு மட்டிகளை வதக்கி, ஆறிப்போன சோற்றின் மேல் போட்டு, வாழைப்பூ, வேர்க்கடலை, எள், மிளகாய், இறால் விழுது எல்லாம் சேர்த்துத் தருவார்கள். பக்கத்தில் மட்டி வேகவைத்த சூடான தண்ணீர். இதுதான் கோம் ஹென். பன்றித் தோல் வறுவலும் சேர்ப்பார்கள், வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஊரில் கவலையில்லை. பௌத்தம் ஊறிய ஊர் என்பதால் ‘சாய்’ என்று பலகை போட்ட சைவக் கடைகள் நிறைய.

[காட்சி: மதியம் 1.30. பைன் மரங்கள், தாமரைக் குளம், மர மாடம்.]

சுற்றுலா நடத்துபவர்கள் ஒரே மதியத்தில் மூன்று பேரரசர்களின் கல்லறைகளைக் காட்டுவார்கள். இரண்டு போதும். மின் மாங்கின் கல்லறையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் து டுக்.

கல்லறை என்று பெயர்தானே தவிர, து டுக் இங்கே வாழ்ந்தார். குளத்தின் மேலிருக்கும் மாடத்தில் உட்கார்ந்து கவிதை எழுதினார். 1864 முதல் 1867 வரை கட்டினார்கள். வேலையின் கொடுமை தாங்காமல் 1866இல் தொழிலாளர்கள் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளோடு அரண்மனைக்குள் புகுந்தார்கள். அந்தக் கலகத்தை அடக்கினார்கள். அதன் பிறகு அரசர் இந்த இடத்தின் பெயரை மாற்றினார். ‘கியெம்’, அதாவது பணிவு. இங்கே குளம், வாசல், மண்டபம் எல்லாவற்றின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கும்.

[காட்சி: மறுபடியும் கல்வெட்டு.]

வழக்கமாகத் தந்தையின் கல்வெட்டை மகன் எழுதுவார். து டுக்குக்குப் பிள்ளை இல்லை, சின்ன வயதில் வந்த அம்மை நோய் காரணம் என்கிறார்கள். அதனால் தானே எழுதினார். அவர் ஆட்சியில்தான் தெற்குப் பகுதி முழுவதும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. நோயாளி உடம்பு, கைவிட்டுப் போன நிலம், தன் தவறு எல்லாம் இந்தக் கல்லில் இருக்கின்றன. 1883 ஜூலையில் இறந்தார். அடுத்த மாதமே பிரெஞ்சுக் கப்பல்கள் ஹுவேயின் கடல்வாசலைத் தாக்கின, நாடு அவர்களுடைய பாதுகாப்பின் கீழ் போனது.

எங்கள் வழிகாட்டி அம்மா இங்கே பேச்சை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நாங்களும் பேசவில்லை.

[காட்சி: மதியம் 3.30. கருத்த படிக்கட்டுகள். உள்ளே பளபளக்கும் பீங்கான் சுவர்.]

அடுத்தது பேரரசர் காய் டினின் கல்லறை. 127 படிகள். 1920இல் தொடங்கி, அவர் இறந்த பிறகு மகன் பாவோ டாய் 1931இல் முடித்தார். வெளியே கறுத்துப்போன சிமெண்டு. உள்ளே போனால் சுவர் முழுக்க உடைத்து ஒட்டிய பீங்கானும் கண்ணாடியும், பூவும் பறவையுமாக. கூரையில் மேகத்துக்குள் ஒன்பது நாகங்கள். அந்தக் கைவேலை என்னை அசரவைத்தது. அதற்கு வரி கட்டிய மக்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

[காட்சி: மாலை 5. ஆற்றங்கரையில் ஏழு நிலைக் கோபுரம்.]

தியென் மு பௌத்த ஆலயம் 1601இல் தொடங்கியது. எண்கோணக் கோபுரம் 1844இல் வந்தது. கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், பின்னால் ஒரு கொட்டகையில் வெளிர்நீல ஆஸ்டின் கார் நிற்கிறது. 1963 ஜூன் 11 அன்று, பௌத்தர்கள் மீதான ஒடுக்குமுறையை எதிர்த்துச் சைகோன் தெருவில் தீக்குளித்த துறவி திக் குவாங் டுக் கடைசியாக வந்து இறங்கிய கார் அது. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

[காட்சி: படகு. அந்தி வெளிச்சம்.]

ஆலயத்தின் படித்துறையிலேயே படகு கிடைக்கும். ஊருக்கு ஆற்றின் வழியாகத் திரும்புங்கள். பாதி வழியில் ஒரு தீவுத் திட்டு வரும். அதுதான் டா வியென், வெள்ளைப் புலி. அங்கே ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்துக்கும் வெள்ளைப் புலிப் பாலம் என்றே பெயர். எங்கள் படகு அதன் கீழே போனபோது தலைக்கு மேல் ஒரு ரயில் தடதடத்துக்கொண்டு போனது. படகோட்டி நிமிர்ந்து பார்க்கவே இல்லை.