வடை மடித்து வந்த அத்தியாயம்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கல்கியின் புகழுக்குப் பெரிதும் காரணம் நாவலாசிரியரா, பத்திரிகையாளரா என்பது தலைப்பு. பத்திரிகையாளரே என்று பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அரை நிமிடம் வணக்கத்திலேயே போய்விட்டது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், "வாரப் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும், செவ்வாய்க்கிழமை வடை மடிக்கக் கடைக்குப் போகும், நாவல்தான் அலமாரியில் நிற்கும்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். நானும் கை தட்டினேன். வடைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1899-இல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி என்கிற ரா. கிருஷ்ணமூர்த்தி, 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார். மறு ஆண்டு சிறைக்குப் போனார். 1923-இல் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகை, பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு மதுவிலக்குப் பிரசாரத்துக்கான விமோசனம் இதழ், அதன் பிறகு ஆனந்த விகடன் என்று பதினெட்டு ஆண்டுகள் அச்சு மையிலேயே கழிந்தன. 1941-இல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து கல்கி என்ற சொந்தப் பத்திரிகை தொடங்கியபோது, அதற்கான பணத்துக்காகச் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக வேடமிட்டார். நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்பார்கள். இந்த நாரதர் வேடம் பார்த்திபன் கனவில் முடிந்தது. புதிய பத்திரிகைக்கு வாசகர் வேண்டும், வாசகருக்குத் தொடர்கதை வேண்டும் என்ற நிலையில்தான் அந்தச் சரித்திர நாவல் பிறந்தது. அதன் பின் வந்த சிவகாமியின் சபதமும் பொன்னியின் செல்வனும் அதே இதழில்தான் தொடராக வந்தன. பிள்ளைகள் மூன்றும் பத்திரிகையின் வயிற்றில் பிறந்திருக்க, தாயை மட்டும் வடைக்கடைக்கு அனுப்புவது என்ன நியாயம்?

இப்போது வடைக்கு வருகிறேன்.

பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதத்தில் முடிந்தது. கதைக்குள் கழிவது சில மாதங்கள்தாம். அதற்குள் கும்பகோணத்துப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்து, மூத்தது நடக்கவும் கற்றுக்கொண்டது. தெருவுக்கே ஒரு பிரதி. ஏழு வீடு சுற்றிக் கடைசியில் பாட்டியிடம் வரும். அவர் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சாக்கு ஊசியால் தைத்து வைப்பார். ஒரு வாரம் இதழ் வரவில்லை. ஆறாவது வீட்டுக்காரர் பழைய காகிதத்தோடு சேர்த்து அதையும் எடைக்குப் போட்டுவிட்டார். புயலில் சிக்கிய கப்பல் இடி விழுந்து எரிகிறது, கதாநாயகன் வந்தியத்தேவன் அதில் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறான், பாட்டிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் மாலை தாத்தா கடைத்தெருவிலிருந்து நான்கு மெதுவடை வாங்கி வந்தார். பாட்டி பொட்டலத்தைப் பிரித்தார்; வடையைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். அதே அத்தியாயம், ஆனால் பாதித் தாள். என் அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போது அது வடை அல்ல, பக்கோடா என்பார். பக்கோடா என்றால் எண்ணெய் அவ்வளவு ஊறாது என்பதால் பாட்டியின் சாட்சியத்தையே நான் ஏற்கிறேன். எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி போலாகி, மறுபக்கத்து விளம்பரம் இடம் வலம் மாறித் தெரிந்தது. அது கூந்தல் தைல விளம்பரம். அது படர்ந்திருந்ததோ சரியாகக் கதையில் படகோட்டும் பெண்ணான பூங்குழலி என்ற பெயரின் மேல்! "பாவம், கடல் காற்றிலேயே கிடக்கிற பெண், தலைக்கு எண்ணெய் வேண்டாமா?" என்றாராம் பாட்டி.

மீதிப் பாதிக்கு எங்கே போவது? ஆறு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாட்டி தாமே அதைச் சொல்லி முடித்தார். அவர் சொன்ன கதையில் பூங்குழலி படகோடு வந்து, இளவரசரையும் வந்தியத்தேவனையும் காதைத் திருகி ஏற்றிக்கொண்டு, "மழையில் நனைந்து ஜுரம் வந்தால் யார் பார்ப்பது?" என்று கரை சேரும்வரை திட்டிக்கொண்டே வருகிறாள். பல ஆண்டுகள் கழித்து நான் நாவலை வாங்கி அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது, முழுவதும் கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திட்டு போதவில்லை" என்றார்.

எதிரணி அம்மையாரே, மொத்தமாகக் கையில் கொடுக்கப்பட்ட நாவலாக இருந்திருந்தால் என் பாட்டி அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார். காத்திருக்க வைத்தது பத்திரிகை. காத்திருந்ததால்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒரு பெண்மணி கல்கியோடு சேர்ந்து கதை எழுதினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் "வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்" என்று இராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவரைப் பற்றி இருப்பது ஒரு தொடர். அறிஞருக்கு அது அடிக்குறிப்பு. அடுத்த வாரமும் வாசகர் திரும்பி வரவேண்டுமே என்ற கவலை உள்ள பத்திரிகையாசிரியருக்கோ அது ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஓர் இளைஞன்.

நடுவர் மணியைத் தொடுகிறார், இன்னும் ஒரு நிமிடம்தான். தொடர் முடிந்து ஏழே மாதத்தில், 1954 டிசம்பர் 5 அன்று, கல்கி மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. அவர் எழுதிக்கொண்டிருந்த அமரதாரா நாவல் பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்தி அதை முடித்தார். பாதியில் நின்ற கதையைச் சொல்லி முடிப்பது என்ன வேலை என்று பாட்டிக்குத் தெரியும். அந்த டிசம்பரில் வந்த இதழை அவர் பிரிக்கவே இல்லை. முழுசாக அப்படியே ஐந்தாம் பாகத்தின் கடைசியில் வைத்துத் தைத்தார். தாத்தா காரணம் கேட்டதற்கு, "பிரிக்கக் கை வரவில்லை" என்றாராம்.

இரண்டாம் பாகத்திலிருந்து அந்தப் பாதித் தாளை இன்று கொண்டு வந்திருக்கிறேன். நடுவர் அவர்களே, இந்த மூலையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு எதிரணி அம்மையாரிடம் கொடுங்கள். மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள், மடிப்பில் விட்டுப்போகும். வணக்கம்.