அப்டேட் போட்டதும் சர்வீஸ் ஃபைலில் எழுதியது எங்கே போகிறது?

அடுத்த கேள்வி. லினக்ஸில் ஓடும் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் சர்வீஸ் ஃபைலை, அதாவது அதை எப்படிக் கிளப்ப வேண்டும் என்று சொல்லும் ஃபைலைத் திறந்து, எத்தனை ஃபைல்களை அது ஒரே சமயத்தில் திறக்கலாம் என்ற வரம்பாக லிமிட்நோஃபைல் ஈக்வல் டு 65535 என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார் ஒரு நண்பர். அப்டேட் போட்டதும் அந்த வரியைக் காணோம். ஆனால் எஞ்சின்எக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் அவர் எழுதியது அப்படியே இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் ஏன் அழிக்கிறது, பேக்கேஜை ஹோல்டில் போட்டு, அதற்கு அப்டேட்டே வராமல் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார்.

ஹோல்ட் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வரியைக் காப்பாற்றப் போய், பாதுகாப்புத் திருத்தங்களும் வராமல் நின்றுவிடும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். இரண்டு ஃபைலும் இருக்கிற இடம் வேறு. கான்ஃபிக் ஃபைல் ஈடிசி டைரக்டரிக்குள் இருக்கிறது. அது நிர்வாகியின் இடம். டெபியன், உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி அந்த ஃபைலின் பழைய செக்சம்மை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணைக் குறித்து வைத்திருக்கும். நீங்கள் மட்டும் மாற்றியிருந்தால் சத்தமில்லாமல் உங்களுடையதை விட்டுவிடும். நீங்களும் மாற்றி, புதிய பேக்கேஜிலும் அது மாறியிருந்தால்தான் நிறுத்தி, எதை வைக்கட்டும் என்று கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதுதான் நிற்கும்.

பேக்கேஜோடு வந்த சர்வீஸ் ஃபைல் அப்படியல்ல. அது யூஎஸ்ஆர் லிப் சிஸ்டம்டி சிஸ்டம் டைரக்டரியில் இருக்கிறது, அது பேக்கேஜின் சொத்து. அங்கே நீங்கள் எழுதியதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. புதியது வரும், பழையது போகும், ஒரு எச்சரிக்கைகூட இருக்காது. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்த மாதிரிதான்.

சரி, என்ன செய்யலாம்? சிஸ்டம்சிடிஎல் எடிட் எஞ்சின்எக்ஸ் என்று கொடுங்கள். ஒரு எடிட்டர் திறக்கும். சர்வீஸ் என்ற தலைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, அதற்குக் கீழே உங்கள் லிமிட்நோஃபைல் வரியை மட்டும் எழுதிச் சேமியுங்கள். ஈடிசிக்குள் சிஸ்டம்டி சிஸ்டம் என்ற இடத்தில், எஞ்சின்எக்ஸ் டாட் சர்வீஸ் டாட் டி என்றொரு டைரக்டரி உருவாகி, அதில் ஓவர்ரைடு டாட் கான்ஃப் என்று அது உட்காரும். மூல ஃபைலைப் படித்த பிறகு அதன்மேல் இதைச் சேர்த்துப் படிப்பது, சர்வீஸ்களைக் கிளப்பி நடத்தும் சிஸ்டம்டியின் வேலை. மூல ஃபைல் எத்தனை முறை மாறினாலும் உங்கள் வரி இருக்கும். அப்புறம் சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இந்த ஃபைலை எடிட் கட்டளை இல்லாமல் கையால் உருவாக்கினால், சிஸ்டம்டி அதைப் படித்துக்கொள்ள ரீஸ்டார்ட்டுக்கு முன் டீமன் ரீலோடும் கொடுக்க வேண்டும்.

இதில் பலரும் சிக்குகிற இடம், சர்வீஸைக் கிளப்பும் கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரி. அதை மாற்ற நினைத்துப் புதிய கட்டளையை மட்டும் எழுதினால், பழையதோடு இன்னொன்றாகச் சேர்ந்துகொள்ளும். சாதாரண சர்வீஸுக்கு ஒரு எக்ஸெக்ஸ்டார்ட்தான் இருக்கலாம் என்பதால் பிழை வந்து, சர்வீஸ் கிளம்பாது. எனவே முதலில் எக்ஸெக்ஸ்டார்ட் ஈக்வல் டு என்று எழுதி, வலப்பக்கத்தைக் காலியாக விட்டு ஒரு வரி. அடுத்த வரியில் உங்கள் கட்டளை. எதற்குப் பிறகு கிளம்ப வேண்டும், எது கூட இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆஃப்டர், ரிக்வயர்ஸ் மாதிரியான சார்புகளை இந்த வித்தையால் அழிக்க முடியாது. அவற்றை நீக்கத்தான் வேண்டும் என்றால் எடிட் கட்டளையோடு ஃபுல் என்ற ஆப்ஷனைக் கொடுத்து முழு ஃபைலையும் ஈடிசிக்கு நகலெடுக்க வேண்டும். எனக்கு அந்த வழி அவ்வளவாகப் பிடிக்காது. நகல் எடுத்த நாளோடு உங்கள் ஃபைல் உறைந்துவிடும். பேக்கேஜ் தன் சர்வீஸ் ஃபைலில் பின்னால் ஒரு நல்ல திருத்தம் செய்தாலும் உங்களுக்கு வராது.

எழுதியது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க சிஸ்டம்சிடிஎல் கேட் போதும். முழு சர்வரிலும் எங்கெல்லாம் மேலெழுதியிருக்கிறது என்று சிஸ்டம்டி டெல்டா காட்டும். வேறு பேக்கேஜ்களின் ஃபைல்களிலும் முன்பு நேரடியாகக் கை வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், அடுத்த அப்டேட்டுக்கு முன் டிபிகேஜி வெரிஃபை ஓட்டிப் பாருங்கள். மூலத்திலிருந்து மாறிய ஃபைல்களைப் பட்டியலிடும். ரெட் ஹேட், ஃபெடோரா வகையில் டிபிகேஜியின் இடத்தில் ஆர்பிஎம் இருப்பதால், அங்கே ஆர்பிஎம் வெரிஃபை.

அந்தப் பக்கம் இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆர்பிஎம் கேள்வியே கேட்காது. நோரீப்ளேஸ் குறி உள்ள கான்ஃபிக் என்றால் உங்களுடையதை வைத்துவிட்டு, புதியதை ஆர்பிஎம்நியூ என்ற பின்னொட்டோடு பக்கத்தில் போடும். அந்தக் குறி இல்லையென்றால் புதியது அமர்ந்துகொள்ளும், உங்களுடையது ஆர்பிஎம்சேவ் ஆகும். இரண்டையும் அப்டேட்டுக்குப் பிறகு தேடிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஆர்ச் லினக்ஸில் இதேபோல் பக்கத்தில் வந்து உட்காரும் பேக்நியூ ஃபைல்களை ஒப்பிட பேக்டிஃப் என்ற கருவி இருக்கிறது.

உபுண்டுவில் தானியங்கி அப்டேட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கான்ஃபிக் கேள்வி எழும் என்று தெரிந்தால், அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் அந்தப் பேக்கேஜையே தாண்டிப் போய்விடும். எல்லாம் புதிதாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், அது மட்டும் பழையதாகவே கிடக்கும். அதன் லாகைத் திறந்து பாருங்கள். அப்படி விடுபட்டது இருந்தால் கையால் ஒருமுறை அப்கிரேட் கொடுத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.