தீர்ப்பு வேறு, மத்தியஸ்தம் வேறு

வணக்கம். இரண்டு நாடுகளின் சண்டைக்கு நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் வந்தால், நியாயம் யார் பக்கம் என்று சொல்லத்தான் வருகிறார் என நினைத்துக்கொள்கிறோம். அது நீதிபதியின் வேலை. மத்தியஸ்தருக்கோ, நியாயம் தெரிந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கத் தெரிய வேண்டும்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாய். அதன் கிழக்கு வாயில் பிக்டன், லென்னாக்ஸ், நுவேவா என்று மூன்று சின்னத் தீவுகள். சிலியும் அர்ஜென்டினாவும் "எங்களுடையவை" என்றன. 1977இல் நடுவர் மன்றம் மூன்றையும் சிலிக்குக் கொடுத்தது. சட்டப்படி கதை முடிந்தது. ஆனால் அடுத்த ஜனவரியில், "இந்தத் தீர்ப்பு செல்லாது" என்று சொல்லிவிட்டது அர்ஜென்டினா. 1978 டிசம்பரில் அதன் போர்க்கப்பல்கள் புறப்பட்டும்விட்டன. இரு நாடுகளையும் அப்போது ஆண்டது ராணுவம்.

அந்த நேரத்தில்தான் போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். 1979 ஜனவரி 8 அன்று உருகுவே தலைநகர் மான்டிவிடியோவில், படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று இரு தரப்பும் கையெழுத்திட்டன. அப்புறம்? ஏறக்குறைய ஆறு வருட இழுபறி. சமோரே 1983இல் இறந்தே போனார். ஒப்பந்தம் 1984 நவம்பரில் வந்தது.

சரி, தீவுகள் யாருக்கு? அதே சிலிக்குத்தான்! தீர்ப்பில் கிடைக்காத ஒன்று இதில் அர்ஜென்டினாவுக்குக் கிடைத்தது. தீவு வேறு, கடல் வேறு என்று பிரித்து, அட்லாண்டிக் பக்கக் கடலில் பெரும்பகுதியை அதற்கு விட்டார்கள். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இழுபறிதான். அதற்குள் அர்ஜென்டினாவில், பிரிட்டனுடனான ஃபாக்லாந்து போரில் தோற்று, ராணுவ ஆட்சி போய், மக்களாட்சி வந்திருந்தது. புதிய அதிபர் அல்ஃபோன்சின் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார், பெருவாரியாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் அரசு வரும்வரை பேச்சை உயிரோடு வைத்திருந்ததே வத்திக்கானின் சாதனை.

எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சுக்கு இந்த அவகாசம் இல்லை. 1978 செப்டம்பரில், மொத்தமே 13 நாட்கள். அமெரிக்க அதிபர் கார்ட்டர் முதலில் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் நேருக்கு நேர் உட்காரவைத்தார், கூச்சல்தான் மிச்சம். பிறகு இருவரையும் தனித்தனியே வைத்து, ஒரே வரைவை எடுத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். திருத்தித் திருத்தி இருபது முறைக்கு மேல் எழுதினார்கள். எதிரியின் திட்டத்துக்குத் தலையாட்டுவது அவமானம். மூன்றாமவர் எழுதியதற்குத் தலையாட்டினால் மானம் தப்பும். கடைசி நாளில் பெகின் முறுக்கிக்கொண்டபோது, அவருடைய பேரக்குழந்தைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார் கார்ட்டர். பெகின் கண் கலங்கினார்.

இஸ்ரேல் பிடித்துவைத்திருந்த சினாய் 1982 ஏப்ரலில் ஏறக்குறைய முழுதாக எகிப்துக்குத் திரும்பியது. 1978 செப்டம்பரில் சினாய் பற்றிய உடன்பாட்டோடு அதே நாளில் கையெழுத்தான இன்னொரு தாள் மேற்குக் கரை, காசா பற்றியது. பாலஸ்தீனர்களின் எதிர்காலத்தைப் பேசிய அந்த 13 நாட்களில், பாலஸ்தீனர் ஒருவருக்கும் அங்கே நாற்காலி போடவில்லை. அந்தத் தாள் நிறைவேறவே இல்லை.